இரண்டு பாட்டும் சேர்ந்த நாள்

ஸ்கந்தபுரம் சந்தியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பரமலிங்கத்தின் கராஜ் இருக்கிறது. லாண்ட்மாஸ்டர் உழவு மெசினும் தண்ணீர் இறைக்கும் மெசினும் திருத்துகிற இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அது பூட்டு. ஆனால் திறப்பு அங்கே வேலை செய்யும் பிரதீபனிடம் இருந்தபடியால், ஞாயிறு பின்னேரங்களில் அந்தத் தகரக் கூரைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்கும்.

நான்கு பேர்தான். பிரதீபன் தப்பு மேளம் அடிப்பான். அவனுடைய நண்பன் றஜித் கிற்றார் வாசிப்பான். றஜித்தின் தங்கை யதுசா பாடுவாள். பள்ளிக்கூட ஆசிரியரான சாருஜன் மவுத்ஓர்கன் ஊதுவான். பாதி நேரம் சுதி தப்பித்தான் ஊதுவான், ஆனால் அவன் வராத ஞாயிறு மற்ற மூவருக்கும் உப்பில்லாத சோறு மாதிரி இருக்கும். மேடை ஏறவோ போட்டிக்குப் போகவோ அவர்கள் கூடவில்லை. கழற்றிப்போட்ட டயரில் ஒருவர், கவிழ்த்த எண்ணெய்ப் பரலில் ஒருவர் என்று இருந்துகொண்டு, திருவிழாவில் கேட்டது, வயலில் கேட்டது, கடற்கரையில் கேட்டது என்று வாயில் வந்ததைப் பாடுவார்கள். ஒருவர் மறந்த அடியை இன்னொருவர் இட்டுக்கட்டுவார். சிரித்துச் சிரித்தே பாதிப் பாட்டு நின்றுபோகும்.

றஜித் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவன். கிளிநொச்சியில் அறை எடுத்துத் தங்கி, வீடுகளுக்கும் வயல்களுக்கும் சோலர் பூட்டுகிற வேலை செய்தான். ஒருநாள் கராஜுக்குப் பக்கத்து வயலில் வேலை முடித்துவிட்டு மழைக்கு ஒதுங்க வந்தபோது, பிரதீபன் இரண்டு ஸ்பானர்களால் பரலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். றஜித் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "டேய், நாளைக்குக் கிற்றாரோட வாறன், நிப்பியா?" என்று கேட்டான். அப்படித்தான் தொடங்கியது.

அந்த வருடம் றஜித்துக்கு டெங்கு வந்தது. அறையில் தனியாகக் கிடந்தவனைப் பிரதீபன் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். பிரதீபனின் தாய் அழகம்மா பப்பாசி இலையை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்தாள். கஞ்சி வைத்தாள். அவன் வாந்தி எடுத்த பாயைத் தானே கழுவிக் காயப்போட்டாள். எழும்பி நடக்கத் தொடங்கியதிலிருந்து றஜித் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டான். ஞாயிறுகளில் அழகம்மா சுடும் தேங்காய் ரொட்டியில் பெரிய பங்கு அவனுக்குத்தான்.

அழகம்மாவின் ஆட்கள் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்தவர்கள். காடு வெட்டிக் குடியிருந்தார்கள். மற்றவர்களின் வயல்களில் கூலிக்குக் களை பிடுங்கினார்கள். பிரதீபன் பிறந்தது இங்கேதான். வெளியில் அவன் பேச்சு வன்னிப் பேச்சு. வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனால் தாயின் பேச்சு. அந்த மாற்றம் அவனுக்கே தெரியாமல் நடக்கும். தப்பு அவனுடைய தகப்பன் வாசித்தது. தகப்பன் இறந்தபிறகு சுவரில் தொங்கியதை எடுத்து, தானாகவே அடித்துப் பழகினான்.

யதுசா கிளிநொச்சியில் சித்தி வீட்டில் தங்கி முன்பள்ளியில் படிப்பித்தாள். கரைவலை இழுக்கும்போது ஆண்கள் பாடுகிற அம்பாப் பாட்டுகள் அவளுக்கு மனப்பாடம். "பொம்பிளையள் பாடுறேல்லையே அதை?" என்று சாருஜன் கேட்டதற்கு, "வலையில கை வைக்கேக்க பொம்பிளை ஆம்பிளை எண்டு மீன் பாக்குதே?" என்றாள். அவள் பாடும்போது யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டாள். எங்கே நிறுத்தி மூச்சு எடுப்பது, எங்கே தொடங்குவது என்று பிரதீபனின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். கைகளைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்குப்பிறகு இருவருக்கும் மற்ற கிழமைகளும் ஞாயிறுக்காகவே வந்து போயின.

ஒருமுறை மட்டும் இரணைமடுக் குளக்கட்டில் தனியாகச் சந்தித்தார்கள்.

"அண்ணனுக்குத்தான் முதல் சொல்லோணும்" என்றாள் யதுசா. "அவன் எங்கட பக்கம் நிண்டா அப்பாவை அவனே சரிக்கட்டுவான்."

"நிப்பானோ?"

"உங்களை விட்டா அவனுக்கு ஆர் இருக்கினம்? வீட்டுக்குப் போனா வாயைத் திறந்தா உங்கட கதைதான். அப்பாவே கேக்கிறவர், ஆரடா அந்தப் பிரதீபன் எண்டு."

அவளுடைய நம்பிக்கை பிரதீபனுக்கும் தொற்றிக்கொண்டது. அன்றிரவே தாயிடம் சொன்னான். அழகம்மா, "அது வந்து இந்த வூட்டுல வெளக்கேத்துனா எனக்கு என்ன கசக்குமா?" என்றாள். பிறகு, "அவங்க என்ன சொல்வாங்களோ" என்று மெல்லச் சேர்த்துக்கொண்டாள்.

மாசி மாதம். வெட்டு முடிந்து வயலெல்லாம் வைக்கோல் கிடந்தது. அந்த ஞாயிறு அவர்கள் கூடியபோது, நெடுநாள் சரிவராமல் இருந்த ஒன்றை மறுபடி எடுத்தார்கள். யதுசாவின் அம்பாவையும், அழகம்மா களை பிடுங்கும்போது பாடும் பாட்டையும் சேர்த்து ஒரே பாட்டாக்க வேண்டும் என்பது றஜித்தின் ஆசை. எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. ஒட்டவில்லை. கடற்பாட்டு இழுத்து இழுத்து நிற்கும். வயல்பாட்டு விறுவிறென்று ஓடும்.

பிரதீபன் வெளியே வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டு வந்தான். தோல் இறுகிக் கணீரென்றது.

"ஒண்டு செய்து பாப்பம்" என்றான். "வலை இழுக்கிற ஆக்கள் இழுத்துப்போட்டு மூச்சு விடுவினமெல்லே. அந்த இடத்தில நான் அடிக்கமாட்டன். சும்மா விடுறன். அதுக்குள்ள மற்றப் பாட்டைக் கொண்டு வாங்கோ."

யதுசா தொடங்கினாள்.

போன தோணி பொழுதோட வருமோ — ஏலையா
பொங்கும் நுரையைப் பாத்து நிண்டேன் — ஏலையா

தப்பு நின்றது. அந்த வெறுமைக்குள் றஜித் அழகம்மாவின் பாட்டை இறக்கினான்.

மலையிறங்கி வந்த புள்ள, மண்ணு கேட்டு நின்ன புள்ள,
காடு வெட்டி வெதச்ச நெல்லு கதிர்விட்டுச் சிரிக்குதடி

தப்பு திரும்பவும் எழுந்தது. இம்முறை யதுசா காத்திருக்கவில்லை, அதன் மேலேயே ஏறி வந்தாள். கடலும் வயலும் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பதில் சொல்வதுபோல் இருந்தது. சாருஜன்கூடச் சுதி தப்பவில்லை. திரும்பத் திரும்பப் பாடினார்கள். ஒருவருக்கும் நிறுத்த மனமில்லை. கடைசியில் யதுசாவுக்குச் சிரிப்பு வந்து பாட்டு நின்றபோது, றஜித்தின் கண்கள் கலங்கியிருந்தன.

"மச்சான், இது நாங்கள் செய்ததோடா?" அவன் கிற்றாரை வைத்துவிட்டு வந்து பிரதீபனைக் கட்டிப்பிடித்தான். "நீ என்ர கூடப்பிறந்தவன்டா."

பிரதீபன் அவன் தோளுக்கு மேலாக யதுசாவைப் பார்த்தான். அவள் தலையை மெல்ல ஆட்டினாள். இதைவிட நல்ல நேரம் வராது என்று இருவருக்குமே தோன்றியது.

"றஜித், உன்னட்ட ஒண்டு சொல்லோணும்" என்றான். "நானும் யதுசாவும் விரும்புறம். கலியாணம் கட்ட யோசிக்கிறம். வேற ஒருத்தருக்கும் சொல்ல முதல் உனக்குச் சொல்லுறம்."

றஜித் சிரித்தான். பகிடி என்று நினைத்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். அவள் தலையைக் குனியவில்லை. அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல" என்றாள் யதுசா.

"நான் இதுக்குள்ள இருக்கேக்கையே? என்ர கண்ணுக்கு முன்னாலையே?"

"களவெண்டு நினையாத அண்ணா. உனக்குத்தானே முதல் சொல்லுறம்."

"நீ வாயை மூடு."

"மச்சான், நல்ல விசயம்தானே" என்று சாருஜன் குறுக்கே வந்தான். "பிரதீபனைப் போல ஒருத்தனை எங்க தேடுவாய்?"

"உனக்குத் தங்கச்சி இல்லை. நீ கதையாத."

பிரதீபனுக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. "சமயம்தான் பிரச்சினையெண்டா நான் உங்கட வேதத்துக்கு வாறன், ஞானஸ்நானம் எடுக்கிறன். அம்மாவையும் கேட்டிட்டன். அவா ஓமெண்டிட்டா."

"அது இல்லையடா."

"அப்ப என்ன?"

"உனக்குத் தெரியும்."

"தெரியாது. நீ சொல்லு."

றஜித் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னான். "கரையில அப்பா தலை நிமிர்ந்து நடக்கோணும். மரியநேசன்ர மோளைத் தோட்டக்காட்டான் ஒருத்தன் கொண்டுபோட்டான் எண்டு சனம் கதைக்கிறதை அவர் கேக்கேலாது."

"சனம் சொல்லுமோ, நீ சொல்லுறியோ?"

றஜித் திரும்பிக் கிற்றாரை எடுத்தான்.

அப்போதுதான் வாசலில் அழகம்மா நிற்பதைச் சாருஜன் கண்டான். ரொட்டிப் பாத்திரத்தைத் துணியால் மூடிக் கையில் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் உள்ளே வந்து பாத்திரத்தை மெசின் மேசையில் வைத்தாள்.

"ரொட்டி சூடா இருக்கு தம்பி. சாப்புட்டுட்டுப் போங்க" என்றாள். குரல் எப்போதும் போலவே இருந்தது.

றஜித்தால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு கையில் கிற்றாரையும் மறு கையில் தங்கையின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான். யதுசா கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடிவந்து அழகம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அழகம்மா அவள் தலையைத் தடவினாள்.

"போம்மா, அண்ணங்கூட போ. கோவத்துல வண்டிய ஓட்டப்போவுது. நீ பின்னால இருந்தாத்தான் மெதுவா போகும்."

மோட்டச்சைக்கிள் போய்விட்டது. சாருஜன் ரொட்டி ஒன்றை எடுத்து, கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். வீட்டுக்கு நடந்து போகும்போது அழகம்மா மகனிடம் ஒன்று மட்டும் சொன்னாள். "அந்த வார்த்தய நா எத்தனையோ தடவ கேட்டிருக்கேன்டா. ரோட்டுல போறவன் சொன்னா அது அவனோட போயிரும். இந்தப் புள்ள வாயில இருந்து வந்ததுதான்..."

யதுசாவின் போன் அன்றோடு நின்றுபோனது. முன்பள்ளியில் விசாரித்தபோது, வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சில கிழமைகள் பொறுத்துப் பார்த்த பிரதீபன், ஒருநாள் சாருஜனைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவு பஸ் ஏறினான். சண்டை வரும், அடி விழும், எதுவந்தாலும் வாங்கிக்கொண்டு கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வருவது என்று நினைத்துத்தான் போனான்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மரியநேசன் வீட்டு முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த மெலிந்த மனிதர். வந்தவன் யார் என்று தெரிந்ததும் எழுந்து, கதிரை எடுத்துப் போட்டார். "இரும் தம்பி" என்றார். கடைக்கு ஆளனுப்பிச் சோடா வாங்கிக் கொடுத்தார். உள்ளே சுவரில், இறுதி யுத்தத்தில் செத்துப்போன மனைவியின் படமும் மூத்த மகனின் படமும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் சின்ன மின்குமிழ் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. றஜித் வீட்டில் இல்லை.

"அவன் எல்லாம் சொன்னவன்" என்றார் மரியநேசன். "உமக்குச் சொன்ன அந்தச் சொல்லையும் மறைக்காமச் சொன்னவன். அது பிழை. அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன்."

பிரதீபன் சோடாவைக் கீழே வைத்தான். "ஐயா, நான் யதுசாவை நல்லாப் பாப்பன்" என்றான்.

"பாப்பீர். உம்மைப் பாக்கவே தெரியுது." அவர் வலையிலிருந்து கையை எடுத்தார். "ஆனா நான் இந்தக் கரையில இருக்கிற மனிசன். சனம் இல்லாம எனக்குத் தோணி தள்ளேலாது, வலை இழுக்கேலாது. நாளைக்கு நான் செத்தாத் தூக்கவும் அதுகள்தான் வரோணும். அதுகள் நல்ல சனம்தான் தம்பி. ஆனா இதில மட்டும் நல்ல சனமில்லை."

சாருஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மரியநேசன் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் மறிக்கேல்ல. என்ர பிள்ளை படிச்ச பிள்ளை. அவளையே கேளும்." உள்ளே திரும்பி, "பிள்ளை, வந்து கதை" என்று கூப்பிட்டார். பிறகு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

யதுசா வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். வேலியோரம் வரைக்கும் இருவரும் நடந்தார்கள். கரையில் அலை அடிக்கும் சத்தம் கேட்டது.

"வாரும் யதுசா" என்றான் பிரதீபன். "அவர் மறிக்கேல்ல எண்டு சொல்லிப்போட்டார். இப்பவே வாரும்."

"அவர் மறிச்சிருந்தா நான் எப்பவோ வந்திருப்பன்." அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள். "அடிச்சிருந்தா, பூட்டி வைச்சிருந்தா வேலியைப் பிரிச்சுக்கொண்டு வந்திருப்பன். அவர் ஒண்டும் சொல்லுறாரில்லை. பின்னேரத்தில இதில வந்து இருந்து என்ர தலையைத் தடவிப்போட்டு எழும்பிப் போறார். அதுதான் என்னால ஏலாமக் கிடக்கு."

"நான் என்ன செய்ய?"

"அம்மாவையும் பெரியண்ணாவையும் மண்ணில தாட்டுப்போட்டு வரேக்க அவர் என்ர கையை விடேல்ல. அண்ணா பின்னால நடந்து வந்தவன். நான் சின்னப்பிள்ளை, கை நோகுது எண்டு அழுதனான். அப்பவும் விடேல்ல. இப்ப நான் எப்பிடிக் கழட்டிக்கொண்டு வாறது?"

"அப்ப நான் காத்திருக்கிறன்" என்றான்.

"வேண்டாம்." அவள் அழத் தொடங்கினாள். "நீங்கள் காத்திருக்கிறீங்கள் எண்டு தெரிஞ்சா ஒவ்வொரு நாளும் எனக்கு ஓடி வரத் தோணும். ஒரு நாளைக்கு வந்திடுவன். பிறகு அப்பாவை நினைச்சு நினைச்சு உங்களோடயும் ஒழுங்கா வாழமாட்டன். போங்கோ. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ."

பஸ்ஸில் சாருஜன் அவனை யன்னலோரம் இருக்கவிட்டான். புதுக்குடியிருப்பு தாண்டும் வரைக்கும் பிரதீபன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு முன் சீற்றின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். பக்கத்துச் சீற்றில் இருந்த பெண் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆவணியில் யதுசாவுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை மன்னார்ப் பக்கம், சொந்தமாக இரண்டு படகு வைத்திருப்பவன், குடிப்பழக்கம் இல்லாதவன் என்று சாருஜன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். "நல்லது" என்றான் பிரதீபன். மெசின் ஒன்றின் பிஸ்டனைத் துடைத்துக்கொண்டிருந்தவன், அது பளபளத்த பிறகும் துடைத்துக்கொண்டேயிருந்தான்.

அதன்பிறகு ஞாயிறுகளிலும் கராஜில் வேலைதான் நடந்தது. சாருஜன் மட்டும் பழக்கத்தை விடாமல் வந்து, ஒரு பக்கத்தில் இருந்து பேப்பர் பார்ப்பான். மவுத்ஓர்கனை அவன் கொண்டுவருவதில்லை.

ஐப்பசியில் விதைப்புத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம், மோட்டச்சைக்கிள் ஒன்று வந்து நின்றது. றஜித். தோளில் கிற்றார் இருந்தது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"வரலாமோ?"

"வா" என்றான் பிரதீபன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

றஜித் வந்து பரலில் இருந்தான். நிறைய நேரம் எடுத்துக்கொண்டு பேசினான். "நான் பிழை விட்டிட்டன். அந்தச் சொல்லு என்ர வாயில எப்பிடி வந்ததெண்டு எனக்கே தெரியாது. உன்ர அம்மாட முகத்தில முழிக்க ஏலாமத்தான் இவ்வளவு நாளும் வரேல்ல."

"அவா உன்னை ஒருநாளும் ஏசேல்ல."

"அதுதானேடா." றஜித் தலையைக் குனிந்தான். "யதுசா பாடுறதை விட்டிட்டாளாம். மாப்பிள்ளை நல்ல மனிசன்தான், அவரே எனக்குப் போன் எடுத்துச் சொன்னவர். பூசைக்குப் போறாளாம், எல்லாரும் பாடேக்க வாயைத் திறக்கிறாளில்லையாம். ஏன் எண்டு என்னைக் கேக்கிறார். நான் என்ன சொல்ல?"

பிரதீபன் கராஜின் மறு மூலைக்குப் போய், ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்தான். "இதைச் சொல்லத்தான் வந்தனியோ?"

"இல்லை. எனக்கு ஏலாதடா. ஞாயிறு வந்தா என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. ஒருக்கா வாசிப்பம். ஒருக்காத் தன்னும்."

சாருஜன் பேப்பரைக் கீழே வைத்தான். பிரதீபன் மறுத்துவிடுவான் என்றுதான் நினைத்தான். ஆனால் பிரதீபன் சுவரில் தொங்கிய தப்பை எடுத்துத் தூசி தட்டினான். வெளியே போய் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொளுத்திக் காய்ச்சினான். வந்து டயரில் இருந்தான்.

றஜித் அந்தப் பாட்டைத்தான் தொடங்கினான். விரல்கள் தாமாகவே அங்கே போயின போலும். தப்பு சேர்ந்தது. முதலடிக்கான இடம் வந்தது. ஒருவரும் பாடவில்லை. கிற்றார் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மறுபடி அந்த இடம் வந்தபோது றஜித் தங்கையின் அடியைத் தானே பாடப் பார்த்தான். "போன தோணி" என்று எடுத்தான். அதற்கு மேல் குரல் வரவில்லை. கிற்றாரின் மேல் குனிந்து, விம்மி விம்மி அழுதான்.

பிரதீபன் குச்சிகளை வைத்தான். எழுந்துபோய் அவன் முதுகில் கையை வைத்தான். றஜித் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னை அடியடா. அடிச்சுப்போட்டுப் பழையபடி இருப்பம்."

"கோவம் இருந்தா அடிப்பன் றஜித். கோவம் எப்பவோ போட்டுது." பிரதீபன் கையை மெல்ல எடுத்துக்கொண்டான். "வெளிக்கிடு. மழை வரப்போகுது, மாங்குளம் பக்கம் இருட்டிக்கொண்டு வருது."

றஜித் கிற்றாரை உறையில் போட்டான். சிப்பை இழுக்க அவனுக்கு நேரமெடுத்தது. வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

மழை தொடங்கித் தகரத்தில் இரைந்தது. சாருஜன் வந்து பிரதீபனுக்குப் பக்கத்தில் இருந்தான்.

"இனி அவனோட கதைக்கமாட்டியோ?"

"கதைப்பன். வழியில கண்டாக் கதைப்பன். காய்ச்சல் வருத்தம் எண்டாப் போய்ப் பாப்பன். அம்மாவும் கஞ்சி குடுத்து விடுவா."

"அப்ப வாசிக்கிறது?"

பிரதீபன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். விதைத்த வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"அவனோட வாசிக்கேக்க நான் கண்ணை மூடிக்கொண்டுதான் மச்சான் அடிக்கிறனான். நீ கவனிச்சிருக்கமாட்டாய், எப்பவும் அப்பிடித்தான். பக்கத்தில இருக்கிறவன் ஆர் எண்டு யோசிக்கத் தேவையில்லாமல் இருந்தது. இண்டைக்கும் மூடிப் பாத்தனான். ஏலாமக் கிடக்கு."

மழை விடும் வரைக்கும் இருவரும் அங்கேயே இருந்தார்கள்.